சாணித்தாளின் ஆயுள்

பழைய புத்தகத்தின் தாளில் இன்னும் வலு இருக்கிறதா என்று பார்க்க நூலகங்கள் ஓர் எளிய சோதனையை வைத்திருக்கின்றன. பக்கத்தின் கீழ் மூலையை முன்புறம் மடித்து அழுத்துவார்கள். பிறகு அதே கோட்டில் பின்புறம் மடிப்பார்கள். இது ஓர் இரட்டை மடிப்பு. பருத்திக் கந்தலில் செய்த நல்ல தாள் இப்படி நூற்றுக்கணக்கான மடிப்புகளைத் தாங்கும். 1930களில் நியூயார்க்கில் அச்சான மலிவுக் கதை இதழில் இதைச் செய்துபார்த்தால் இரண்டாவது, மூன்றாவது மடிப்பிலேயே மூலை ஒடிந்து கையோடு வந்துவிடும். தஞ்சாவூர் பேருந்து நிலையத்தில் வாங்கி, பரணில் முப்பது கோடைகளைக் கழித்த மாத நாவலுக்கும் ஏறக்குறைய இதே கதிதான்.

அப்படிப்பட்ட ஒரு தாளை வெளிச்சத்தில் பிடித்துப் பார்ப்பது நல்லது. ஓரங்கள் காப்பிக்கொட்டை நிறத்துக்குக் கறுத்திருக்கும். நடுப்பகுதி மட்டும் வைக்கோல் நிறத்தில் தங்கியிருக்கும். காற்றும் ஈரமும் ஓரத்தின் வழியாகத்தான் உள்ளே புகுகின்றன. தாளின் பரப்பில் ஆங்காங்கே பழுப்புக் கீற்றுகள் தெரியும். அரைபடாமல் தப்பிய மரச்சிராய்கள் அவை. விரலால் தடவினால் சொரசொரப்பு. முகர்ந்தால் மெல்லிய வெனிலா மணம். பழைய புத்தக வாசனை என்று பலரும் விரும்பி மூக்கருகே கொண்டுபோவது இதைத்தான். மரத்தின் இழைகளை ஒட்டிவைத்திருக்கும் லிக்னின் என்ற பொருள் சிதையும்போது வெனிலின் வெளிப்படுகிறது. அந்த வாசனை தாள் அழிவதன் வாசனை.

தமிழ் அச்சகங்களில் இந்த வகைத் தாளுக்குச் சாணித்தாள் என்று பெயர். அமெரிக்காவில் இதில் அச்சான இதழ்களையே 'பல்ப்' என்று அழைத்தார்கள். பல்ப் என்றால் கூழ், இங்கே மரக்கூழ். துப்பறியும் கதை, காதல் கதை, பேய்க்கதை, அறிவியல் புனைவு என்று 20ஆம் நூற்றாண்டின் வெகுஜன வாசிப்பில் பெரும்பங்கு இந்தத் தாளின் மேல்தான் நடந்தது. இலக்கிய வரலாறுகள் எழுத்தாளரைப் பேசும், இதழாசிரியரைப் பேசும், வாசகரைக்கூடப் பேசும்; தாளைப் பற்றிப் பேசுவது அபூர்வம். அது பெரிய குறை. யார் வாசிக்கலாம் என்பதைத் தாளின் விலை தீர்மானித்தது. வாசித்ததில் எது மிஞ்சும் என்பதைத் தாளின் வேதியியல் தீர்மானித்தது.

காகிதம் பிறந்ததே ஒரு கூழிலிருந்துதான். கி.பி. 105ல் சீனாவின் ஹான் அரசவை அதிகாரி சாய் லுன் மரப்பட்டை, சணல், கந்தல் துணி, பழைய மீன்வலை ஆகியவற்றை இடித்து, நீரில் கரைத்து, சல்லடையில் வார்த்துத் தாள் செய்யும் முறையை அரசரிடம் காட்டியதாகச் சீன வரலாற்று நூல்கள் பதிந்திருக்கின்றன. அந்தக் கலை அரபு நாடுகளின் வழியாக ஐரோப்பாவுக்குப் போனபோது கூழுக்கான மூலப்பொருள் கந்தல் துணியாகச் சுருங்கியது. அணிந்து கிழிந்த லினனும் பருத்தியும் தாள் ஆலைக்கு வந்தன. ஊர் ஊராகக் கந்தல் பொறுக்குவது ஒரு தொழிலாகவே இருந்தது.

மக்கள் எவ்வளவு துணி உடுத்திக் கிழிக்கிறார்களோ அவ்வளவுக்குத்தான் தாள் கிடைக்கும். அச்சகங்கள் பெருகப் பெருக இந்த வரம்பு கழுத்தை நெரித்தது. 1799ல் பிரான்சில் லூயி நிக்கோலா ரொபேர் தாள் வார்க்கும் இயந்திரத்துக்குக் காப்புரிமை பெற்றார். இங்கிலாந்தில் ஃபூர்ட்ரினியர் சகோதரர்களின் பணத்தில் பிரையன் டான்கின் அதைச் செம்மைப்படுத்தினார். தாள் இப்போது முடிவில்லாத சுருளாக ஓடியது. கந்தல் மட்டும் பழைய அளவிலேயே வந்துகொண்டிருந்தது.

மாற்று வழியைக் குளவிதான் முதலில் காட்டியது. பிரெஞ்சு இயற்கையியலாளர் ரெயோமுர் 1719ல் தம் நாட்டு அறிவியல் கழகத்தில் ஒரு கருத்தை முன்வைத்தார்: குளவி மரநாரை மென்று மெல்லிய தாள்போன்ற கூட்டைக் கட்டுகிறது, துணியே இல்லாமல் மரத்திலிருந்து தாள் செய்ய முடியும் என்பதற்கு அதுவே சான்று. அவர் தாமே செய்துபார்க்கவில்லை. 1760களில் ஜெர்மானியப் பாதிரியார் ஷேஃபர் குளவிக்கூடு, பாசி, வைக்கோல், உருளைக்கிழங்கு என்று கையில் கிடைத்ததையெல்லாம் அரைத்துத் தாளாக்கி, அந்த மாதிரித் தாள்களைச் சேர்த்தே தம் ஆய்வு நூலை வெளியிட்டார். 1800ல் லண்டனில் மத்தையாஸ் கூப்ஸ் வைக்கோல் தாளிலேயே ஒரு புத்தகத்தை அச்சிட்டு அரசர் மூன்றாம் ஜார்ஜுக்குக் காணிக்கையாக்கினார். தேம்ஸ் கரைப் பகுதியில் அவர் கட்டிய பெரிய ஆலை சில ஆண்டுகளுக்குள் நொடித்துப்போனது.

கூப்ஸின் வைக்கோல் கனவு வேறு இடத்தில், வேறு காலத்தில் கைகூடியது என்பதை இங்கேயே சொல்லிவிடலாம். இலங்கையின் கிழக்கே, மட்டக்களப்பு மாவட்டத்தின் வாழைச்சேனையில் 1956ல் இயங்கத் தொடங்கிய அரச காகித ஆலை சுற்றுவட்டார வயல்களின் நெல் வைக்கோலைக் கூழாக்கித் தாள் செய்தது.

மரத்தை வென்றவர்கள் இருவர், ஏறக்குறைய ஒரே நேரத்தில். சாக்சனியில் நெசவுத்தொழில் செய்த ஃபிரிட்ரிஷ் கெல்லர் சுழலும் சாணைக்கல்லில் மரத்துண்டை நீர்விட்டு அழுத்தித் தேய்த்துக் கூழெடுத்தார். அட்லாண்டிக்கின் மறுகரையில், கனடாவின் நோவா ஸ்கோஷியாவில், 23 வயது சார்லஸ் ஃபெனர்ட்டி 1844 அக்டோபரில் ஹாலிஃபாக்ஸ் செய்தித்தாள் ஒன்றுக்குக் கடிதம் எழுதி, ஸ்ப்ரூஸ் மரத்தில் தாம் செய்த தாளின் ஒரு துண்டையும் உடன் வைத்து அனுப்பினார். ஒருவரைப் பற்றி மற்றவருக்குத் தெரியாது. இருவருக்கும் பலன் கிட்டவுமில்லை. ஃபெனர்ட்டியின் கடிதத்தை யாரும் பொருட்படுத்தவில்லை. கெல்லர் பணமில்லாமல் தம் உரிமையை 1846ல் ஹைன்ரிஷ் ஃபோல்ட்டருக்கு விற்றார். அந்த இயந்திரத்தை உலகெங்கும் விற்றுப் பேரெடுத்தவர் ஃபோல்ட்டர். மனிதகுலத்தின் வாசிப்பை மாற்றிய இருவரின் பெயரும் பள்ளிப் பாடத்தில்கூட இல்லாதது வருத்தம் தரும் செய்தி.

கெல்லர் முறையில் மரம் அப்படியே அரைபடுகிறது. நூறு கிலோ மரத்தில் தொண்ணூறு கிலோவுக்கும் மேல் கூழாகிவிடும். மலிவின் ரகசியம் அதுதான். வினையும் அங்கேயே இருந்தது. மரத்தில் சற்றேறக்குறைய நாலில் ஒரு பங்கு லிக்னின். இழைகளை ஒட்டி மரத்தை நிமிர்ந்து நிற்கவைக்கும் பசை அது. அரைத்தெடுத்த கூழில் அந்தப் பசை முழுவதும் தங்கிவிடுகிறது. வெளிச்சமும் காற்றும் பட்டால் அது பழுப்பேறும். வெயிலில் கிடந்த செய்தித்தாள் ஒரே நாளில் மஞ்சளாவதை எல்லாரும் பார்த்திருப்பார்கள்.

லிக்னினைக் கரைத்து நீக்கும் வழிகள் பின்னால் வந்தன. 1850களில் பர்ஜெஸ், வாட் என்ற இருவர் மரச்சில்லுகளைக் காரச்சோடாவில் வேகவைத்தார்கள். 1867ல் அமெரிக்கர் பெஞ்சமின் டில்மன் சல்ஃபைட் முறைக்குக் காப்புரிமை எடுத்தார். 1879ல் டான்சிக் நகரில் கார்ல் டால் கண்ட சல்ஃபேட் முறையே இன்று உலகை ஆள்கிறது. அட்டைப்பெட்டிகள் செய்யும் தாளுக்கு 'கிராஃப்ட்' என்று பெயர் வந்தது இதனால்தான். ஜெர்மன் மொழியில் கிராஃப்ட் என்றால் வலிமை. மரச்சில்லுகளைச் சோடியம் ஹைட்ராக்சைடு, சோடியம் சல்ஃபைடு கரைசலில் 170 டிகிரி செல்சியஸ் அளவில் அழுத்தத்தோடு வேகவைத்தால் லிக்னின் கரைந்து கறுப்புச் சாறாகப் பிரிந்துவிடும். கிடைக்கும் கூழ் உறுதியானது, ஆனால் மரத்தின் எடையில் பாதிதான் தேறும். எனவே விலை கூடுதல். நல்ல புத்தகங்களும் பளபளப்பான இதழ்களும் வேகவைத்த கூழுக்குப் போயின. நாளிதழும் காசுக்குக் கதை விற்றவர்களும் அரைத்த கூழிலேயே நின்றார்கள்.

வேகவைத்த கூழும் முழுப் பாதுகாப்பு தரவில்லை. மை ஊறிப் பரவாமலிருக்கத் தாளுக்குப் பசையேற்ற வேண்டும். 1807ல் ஜெர்மனியின் மோரிட்ஸ் ஃபிரிட்ரிஷ் இல்லிக், குங்கிலியமும் படிகாரமும் கலந்து கூழிலேயே பசையேற்றும் முறையை வெளியிட்டார். எளிது, மலிவு. ஆலைகளெல்லாம் பிடித்துக்கொண்டன. ஆனால் படிகாரம் தாளுக்குள் அமிலத்தை விட்டுச்செல்கிறது. செல்லுலோஸ் என்பது ஆயிரக்கணக்கான சர்க்கரைக் கண்ணிகள் கோத்த நீண்ட சங்கிலி. அமிலமும் ஈரமும் சேர்ந்தால் சங்கிலி இடையிடையே அறுபடும். அறுபடும்போது புதிதாக அமிலம் பிறக்கும். அது மேலும் அறுக்கும். வெப்பம் ஏற ஏற வேகம் கூடும். சென்னை, மதுரை, யாழ்ப்பாணம் போன்ற ஊர்களில் தாள் விரைவில் முதுமையடைவது இதனால்தான்.

இத்தனையும் தெரியாமல், அல்லது தெரிந்தும் கவலைப்படாமல், ஒருவர் இந்தத் தாளில் ஒரு பேரரசைக் கட்டினார். ஃபிராங்க் மன்சி 1882ல் நியூயார்க்கில் 'கோல்டன் ஆர்கசி' என்ற சிறுவர் வார இதழைத் தொடங்கினார். பல ஆண்டுகள் கடனில் தத்தளித்தார். 1896ல் துணிந்து ஒரு முடிவெடுத்தார். படம் வேண்டாம், கட்டுரை வேண்டாம், பெரியவர்களுக்கான கதைகள் மட்டும் போதும். 192 பக்கம், விலை 10 சென்ட். தாள், கிடைப்பதிலேயே மலிவான மரக்கூழ்த் தாள். கதைதான் முக்கியம், தாள் முக்கியமல்ல என்பது அவருடைய கணக்கு. 1907 வாக்கில் 'ஆர்கசி' சுமார் 5 லட்சம் பிரதிகள் விற்றது. அதற்குச் சில ஆண்டுகள் முன்புவரை இதழ் என்றால் பெரும்பாலும் 25 சென்டும் 35 சென்டும் கொடுக்கக்கூடிய வீடுகளுக்கு உரியது. இப்போது ஆலைத் தொழிலாளியும் பண்ணை வேலைக்காரரும் கடைச் சிப்பந்தியும் வாசகரானார்கள். அஞ்சல் கட்டணமும் கைகொடுத்தது. 1879ஆம் ஆண்டுச் சட்டம் பருவ இதழ்களுக்குத் தந்த சலுகையால் நாட்டின் மூலைமுடுக்குக்கெல்லாம் இதழ் போனது.

வெற்றியைக் கண்டவர்கள் சும்மா இருப்பார்களா? ஸ்ட்ரீட் அண்ட் ஸ்மித் நிறுவனம் இறங்கியது, மற்றவர்கள் தொடர்ந்தார்கள். ஏழு அங்குல அகலம், பத்து அங்குல உயரம், 128 பக்கம் என்பது பொதுவான அளவானது. மேலட்டைக்கு மட்டும் பூச்சுள்ள தாளில் நாலு வண்ணப் படம்; உள்ளே கூழ்த்தாள். ஓரம் வெட்டாத பக்கங்கள் கடையில் தூசியாக உதிர்ந்தன. அறிவியல் புனைவுக்கு 1926ல் 'அமேசிங் ஸ்டோரீஸ்', அமானுஷ்யத்துக்கு 1923ல் 'வியர்ட் டேல்ஸ்', குற்றக்கதைக்கு 1920ல் 'பிளாக் மாஸ்க்', காதலுக்கு 1921ல் 'லவ் ஸ்டோரி' என்று வகைக்கு ஒன்றாகப் பெருகின. கடைசியாகச் சொன்னதை 1928 முதல் நடத்தியவர் டெய்சி பேகன் என்ற பெண். பல்ப் உலகம் ஆண்களுடையது என்ற பொதுக் கருத்து அரைகுறையானது. கடையில் வேலைபார்த்த, தட்டச்சு செய்த இளம்பெண்கள் வாராவாரம் அவருடைய இதழை வாங்கினார்கள்.

எழுதியவர்களுக்குச் சொல் கணக்கில் கூலி. ஒரு சொல்லுக்கு ஒரு சென்ட் கிடைத்தால் பரவாயில்லை. பலருக்கு அதிலும் பாதி. வாழவேண்டுமானால் எழுதித் தள்ள வேண்டும். 'தி ஷேடோ' என்ற இருள்நாயகனின் 325 நாவல்களில் 282ஐ எழுதியவர் வால்டர் கிப்சன். மேஜிக் வித்தைக்காரர் அவர். மேக்ஸ்வெல் கிராண்ட் என்ற நிறுவனப் பெயரில் மாதம் இரண்டு நாவல் எழுதினார். தட்டச்சுப் பொறியின் முன் விரல் புண்ணாகும்வரை உட்கார்ந்த இந்த மனிதர்களை எழுத்துக் கூலிகள் என்று ஒதுக்குவது அநீதி. அவர்கள் உழைப்பாளிகள். அந்த உழைப்பின் நடுவே ஆங்கில உரைநடையே மாறிப்போனது.

டேஷியல் ஹாமெட் 'மால்டீஸ் ஃபால்கன்' நாவலை 1929 செப்டம்பர் முதல் 'பிளாக் மாஸ்க்'கில்தான் தொடராக எழுதினார். ரேமண்ட் சாண்ட்லரின் முதல் துப்பறியும் கதை 1933 டிசம்பரில் அதே இதழில் வந்தது. வேலை பறிபோய், நாற்பதைத் தாண்டிய வயதில், இந்த மலிவு இதழ்களைப் படித்துத்தான் அவர் எழுதக் கற்றார். எட்கர் ரைஸ் பரோஸின் டார்ஜான் 1912ல் 'ஆல் ஸ்டோரி' இதழில் தோன்றினான். ஐசக் அசிமோவின் 'நைட்ஃபால்' 1941ல் 'அஸ்டவுண்டிங்' இதழில் வெளியானது. இவை இன்று உலகமெங்கும் கல்லூரிப் பாடமாகவும் திரைப்படமாகவும் இருக்கின்றன.

இவை எப்படித் தப்பின என்று கேட்டால் விடை தாளில்தான் இருக்கிறது. ஹாமெட்டின் நாவலை 1930ல் ஆல்ஃபிரட் நாஃப் நல்ல தாளில் புத்தகமாகப் போட்டார். சாண்ட்லர் தம்முடைய பழைய இதழ்க் கதைகளையே பிரித்துக் கோத்து 1939ல் 'தி பிக் ஸ்லீப்' ஆக்கினார். எச்.பி. லவ்கிராஃப்டின் நிலை மோசம். பெரும்பாலும் 'வியர்ட் டேல்ஸ்' இதழிலேயே எழுதி, வறுமையில் உழன்று, 1937ல் இறந்தார். அவர் உயிரோடிருந்தபோது தனி நூலாக வந்தது ஒரே ஒரு கதைதான், அதுவும் சிறிய பதிப்பு. 1939ல் இரண்டு நண்பர்கள், ஆகஸ்ட் டெர்லத்தும் டொனால்ட் வான்ட்ரியும், யாரும் பதிப்பிக்க முன்வராததால் ஆர்க்கம் ஹவுஸ் என்ற பதிப்பகத்தைத் தாங்களே தொடங்கினார்கள். அந்த இருவர் இல்லையென்றால் லவ்கிராஃப்ட் என்ற பெயர் கூழ்த்தாளோடு பொடிந்துபோயிருக்கலாம். அவரோடு அதே இதழ்களில் எழுதி, அப்படி இரு நண்பர்கள் வாய்க்காதவர்கள் எத்தனை பேர்?

இரண்டாம் உலகப்போர் இந்த உலகத்தை உலுக்கியது. தாளுக்குக் கட்டுப்பாடு வந்தது. போர்முயற்சிக்குப் பழைய தாள் கொடுங்கள் என்ற பிரச்சாரத்தில் வீட்டு மாடிகளில் கிடந்த இதழ்க்கட்டுகள் மீண்டும் கூழாகப் போயின. அந்நியச் செலாவணியைக் காக்க 1940 டிசம்பரில் கனடா அமெரிக்கக் கதை இதழ்களின் இறக்குமதியைத் தடைசெய்தது. அந்த இடைவெளியில் கனடாவிலேயே சில ஆண்டுகள் உள்நாட்டுப் பல்ப் இதழ்கள் தழைத்தன. 1939ல் 25 சென்டுக்கு வந்த பாக்கெட் புக்ஸ், பிறகு காமிக்ஸ், பிறகு தொலைக்காட்சி என்று போட்டி முற்றியது. 1949ல் ஸ்ட்ரீட் அண்ட் ஸ்மித் தன் கதை இதழ்களை ஏறக்குறைய மொத்தமாக நிறுத்தியது.

இதழ்கள் நின்றபின் தாளின் பிரச்சினை நூலகங்களின் மடியில் விழுந்தது. வர்ஜீனியாவில் ஆவணப் பழுதுபார்ப்பவராக இருந்த வில்லியம் பாரோ, 1900க்கும் 1949க்கும் இடையில் அச்சான நூல்களின் தாளைச் சோதித்து 1959ல் முடிவை வெளியிட்டார். அவற்றில் மிகப் பெரும்பாலானவை இன்னும் அரை நூற்றாண்டுகூடத் தாங்காது என்றார். நூலகங்கள் கதிகலங்கின. நாளிதழ்களையும் பழைய நூல்களையும் மைக்ரோஃபிலிம் எடுத்துக்கொண்டு மூலத்தை வெட்டி எறியும் வேலை முழுவீச்சில் நடந்தது. நாவலாசிரியர் நிக்கல்சன் பேக்கர் 2001ல் எழுதிய 'டபுள் ஃபோல்ட்' (இரட்டை மடிப்பு) நூல் இதைக் கடுமையாகத் தாக்கியது. யாரும் பக்க மூலையை மடித்து ஒடித்துக்கொண்டு புத்தகம் படிப்பதில்லை. மடிப்பில் தோற்ற தாளைப் பத்திரமாகப் புரட்டிப் படிக்க முடியும் என்பது அவர் வாதம். பிரிட்டிஷ் நூலகம் கழித்துவிட்ட அமெரிக்க நாளிதழ்த் தொகுதிகளைத் தம் சேமிப்பைப் போட்டு வாங்கினார்; அவை பின்னர் டியூக் பல்கலைக்கழகத்துக்குப் போயின. பேக்கர் சில இடங்களில் மிகைப்படுத்தியிருக்கலாம். ஆனால் அடிப்படையில் அவர் பக்கமே நியாயம். கறுப்பு வெள்ளை ஃபிலிமில் வண்ணப் படம் போனது. தாளின் அளவு போனது. ஓரங்களில் இருந்த விளம்பரங்கள் மங்கிப்போயின.

தாளையே திருத்தும் வேலை வேறு திசையிலிருந்து நடந்தது. 1980களில் ஆலைகள் அமிலம் இல்லாத முறைக்கு மாறின. நூலகர்களின் வேண்டுகோள் ஒருபுறம் இருக்க, முக்கியக் காரணம் செலவு: நிரப்பியாகச் சுண்ணாம்புக் கார்பனேட்டைப் போட்டால் விலை குறைந்தது, தாளும் வெண்மையானது. அமிலச் சூழலில் அது கரைந்துவிடும் என்பதால் அமிலத்தைக் கைவிட வேண்டியதாயிற்று. நீடித்த தாளுக்கான ஐஎஸ்ஓ 9706 தரம் 1994ல் வந்தது. நாளிதழும் மலிவு நாவலும் அந்தத் தரத்துக்குள் வருவதில்லை.

தமிழில் இந்தக் கதைக்கு நீண்ட கிளை ஒன்று உண்டு. ஆரணி குப்புசாமி முதலியார், ஜே.ஆர். ரங்கராஜு, வடுவூர் துரைசாமி ஐயங்கார் ஆகியோரின் துப்பறியும் நாவல்கள் 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மலிவு விலையில் வந்து கைமாறிக் கைமாறிப் படிக்கப்பட்டன. ரங்கராஜுவின் 'ராஜாம்பாள்', வடுவூராரின் 'மேனகா' இரண்டும் 1935ல் படமாயின. 1950ல் மாடர்ன் தியேட்டர்ஸ் 'திகம்பர சாமியார்' எடுத்தது. நாவல்களைவிடப் படங்களின் பெயர்தான் இன்று அதிகம் நினைவிருக்கிறது. படித்தவர்கள் படித்தே தேய்த்த பிரதிகளில் தாளும் சேர்ந்து தேய்ந்துபோனது ஒரு காரணம் என்றே தோன்றுகிறது.

1970களுக்குப் பிறகு மாத நாவல் வெள்ளமாக வந்தது. ராணிமுத்து, மாலைமதி, பாக்கெட் நாவல், கிரைம் நாவல் என்று பேருந்து நிலையக் கடைகளில் கிளிப்பில் தொங்கின. கோவையின் ராஜேஷ்குமார் 1,500க்கும் மேற்பட்ட நாவல்கள் எழுதியிருக்கிறார். பட்டுக்கோட்டை பிரபாகர், சுபா, இந்திரா சௌந்தர்ராஜன், ரமணிசந்திரன் என்று ஒவ்வொருவருக்கும் தனி வாசகர் கூட்டம். 2008ல் சென்னை பிளாஃப்ட் பதிப்பகம் பிரீதம் சக்கரவர்த்தியின் மொழிபெயர்ப்பில் இந்தக் கதைகளில் சிலவற்றை ஆங்கிலத் தொகுப்பாக்கியபோது, அந்த அட்டைப் படங்களின் அழகை வெளியுலகம் கண்டது. ஊரில் அதே பிரதிகள் பழைய பேப்பர் கடையில் கிலோ கணக்கில் எடைபோடப்பட்டுக்கொண்டிருந்தன. பொட்டலம் மடிக்கப் போகாதவை மறுசுழற்சி ஆலைக்குப் போய், ஊறி, மறுபடி கூழாயின.

தாள் எங்கிருந்து வந்தது? இந்தியாவில் தாளுக்கான நெடுமரக் காடுகள் குறைவு. 1920களில் டேராடூன் வன ஆய்வு நிறுவனத்தில் வில்லியம் ரெயிட் செய்த ஆய்வுகளால் மூங்கில் கூழ் வழிக்கு வந்தது. 1925ல் மூங்கில் தாள் தொழிலுக்குப் பாதுகாப்புச் சட்டமே போட்டார்கள். செய்தித்தாளுக்கான தாள் பெரும்பாலும் இறக்குமதிதான். 1962 முதல் அரசு அதற்குப் பங்கீட்டு ஆணை வைத்திருந்தது. பக்க எண்ணிக்கைக்கு வரம்பு போட்ட கொள்கையை 1972ல் உச்ச நீதிமன்றம் பென்னட் கோல்மன் வழக்கில் ரத்து செய்தது. தாளைக் கட்டுப்படுத்துவது பேச்சைக் கட்டுப்படுத்துவதே என்று நீதிமன்றம் கண்டது இந்த வரலாற்றில் ஒரு பெரிய நாள்.

தமிழ்நாடு கண்ட வழி கரும்பு. 1979ல் தொடங்கப்பட்ட தமிழ்நாடு செய்தித்தாள் காகித நிறுவனம், கரூர் அருகே புகழூரை ஒட்டிய காகிதபுரத்தில் 1984ல் உற்பத்தியைத் தொடங்கியது. சாறு பிழிந்த சக்கைதான் முக்கிய மூலப்பொருள். சக்கையை வைத்து ஆலை நடத்துவது லேசான காரியமல்ல. சர்க்கரை ஆலைகள் அதைத்தான் கொதிகலனில் எரித்துக்கொண்டிருந்தன. எனவே அவற்றுக்கு மாற்று எரிபொருளோ நீராவியோ கொடுத்துச் சக்கையை வாங்கிக்கொள்ளும் ஏற்பாடு வேண்டியிருந்தது. அரவைப் பருவம் சில மாதங்கள்தான். ஆண்டு முழுவதற்குமான சக்கையை நீர் தெளித்து மலைபோல் குவித்துக் காக்க வேண்டும். இழையோடு கலந்திருக்கும் பஞ்சுபோன்ற சோற்றைப் பிரித்தெடுக்காவிட்டால் கூழ் வடியாது. இத்தனை தடைகளையும் தாண்டி, சக்கையில் தாள் செய்யும் உலகின் மிகப் பெரிய ஆலைகளுள் ஒன்றாக அது வளர்ந்தது. பள்ளிப்பாளையத்துச் சேஷசாயி ஆலையும் பக்கத்துச் சர்க்கரை ஆலையின் சக்கையைப் பயன்படுத்துகிறது. மரத்தைப் பெரிதாக நம்பியிராமல் ஒரு மொழியின் பாடநூலும் நோட்டும் நாவலும் அச்சாக முடியும் என்று காட்டிய இந்தச் சாதனை தமிழில் இன்னும் உரிய அளவில் எழுதப்படவில்லை.

மிஞ்சியவற்றைக் காத்தவர்கள் பெரும்பாலும் தனிமனிதர்கள். கோட்டையூர் ரோஜா முத்தையா செட்டியார் விளம்பரப் பலகை ஓவியர். செவ்வியல் நூல்களோடு நில்லாமல் பாட்டுப் புத்தகம், நாடக நோட்டீஸ், அழைப்பிதழ், மலிவு நாவல் என்று பிறர் குப்பையில் போட்டதையெல்லாம் சேர்த்தார். 1992ல் அவர் மறைந்தபின் சிகாகோ பல்கலைக்கழகம் அந்தத் தொகுப்பை வாங்கி, நாட்டை விட்டு எடுத்துச் செல்லாமல், 1994ல் சென்னையிலேயே ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகமாக்க உதவியது. புதுக்கோட்டையின் ஞானாலயா நூலகமும் அப்படி ஒரு தம்பதியின் உழைப்பு. 1954ஆம் ஆண்டின் நூல் வழங்கல் சட்டப்படி பதிப்பாளர்கள் கன்னிமாரா உள்ளிட்ட நூலகங்களுக்கு ஒரு பிரதி அனுப்ப வேண்டும். ஆனால் சட்டம் பிரதியைக் கொண்டுவந்து சேர்க்குமே தவிர, தாளின் அமிலத்தை நீக்காது.

வாசகர்களும் தங்களை அறியாமல் காப்பாளர்களாக இருந்தார்கள். தொடர்கதைகளை வாராவாரம் கிழித்தெடுத்துச் சேர்த்து பைண்டு செய்துவைக்கும் பழக்கம் தமிழ் வீடுகளில் பரவலாக இருந்தது. 1950 முதல் 1954 வரை கல்கியில் வந்த 'பொன்னியின் செல்வ'னின் அத்தகைய கட்டுகளில் மணியத்தின் ஓவியங்கள் முதலில் அச்சான அளவிலேயே இருக்கின்றன. பக்கத்தின் மறுபுறத்தில் அந்த வாரத்துத் துணுக்கு, ஒரு தைல விளம்பரம், அடுத்த பகுதியின் முன்னறிவிப்பு. பிற்காலப் புத்தகப் பதிப்பு எதிலும் இவை கிடைக்காது. தொடர்கதையை அன்றைய வாசகர் எந்தச் சூழலில் படித்தார் என்று ஆராய்பவருக்கு இந்தக் கட்டுகளே முதல் ஆவணம்.

எல்லாக் கதைக்கும் இப்படி வாய்ப்பதில்லை. 2003 டிசம்பரில் இங்கிலாந்தில் திறக்கப்பட்ட எம்6 கட்டணச் சாலையின் மேற்பரப்புக் கலவையில் சுமார் 25 லட்சம் மில்ஸ் அண்ட் பூன் காதல் நாவல்களின் கூழ் சேர்ந்திருக்கிறது. தாரும் ஜல்லியும் பிரியாமல் பிடித்துவைக்க அந்த இழை உதவுகிறதாம். மைலுக்கு 45,000 நாவல் என்று கணக்கும் சொன்னார்கள்.

பைண்டு செய்த தொடர்கதைக் கட்டுகளோ பழைய மாத நாவல்களோ வீட்டில் வைத்திருப்பவர்கள் செய்யக்கூடியவை சில உண்டு. வெயிலும் குழல்விளக்கும் படாத, காற்றோட்டமுள்ள அலமாரியில், நிற்கவைக்காமல் படுக்கவைக்க வேண்டும். பாலித்தீன் பையில் இறுக்கிக் கட்டினால் ஈரமும் அமிலமும் உள்ளேயே தங்கும். கிழிந்த இடத்தில் செல்லோடேப் ஒட்டவே கூடாது. அதன் பசை சில ஆண்டுகளில் பழுப்பாகித் தாளுக்குள் இறங்கிவிடும், பிறகு எந்த வல்லுநராலும் முழுதாக எடுக்க முடியாது. இடையில் நாளிதழைச் செருகி வைப்பதும் தவறு, அதன் அமிலம் அடுத்த பக்கத்துக்கு ஏறும். பழைய பேப்பர் கடைக்காரரைக் கூப்பிடுவதற்கு முன் ஓர் ஆய்வு நூலகத்தைக் கேட்டுவிடலாம். அட்டையில்லாத பிரதியாக இருந்தாலும் அவர்களிடம் அந்த இதழ் இல்லாமலிருக்கக்கூடும்.